ரேகைச் சட்டம் முதல் கீழடி வரை: சு.வெங்கடேசனின் எழுத்தும் களமும்

மதுரையில் பஸ் ஏறி, செக்கானூரணி வழியாக உசிலம்பட்டிக்குப் போகிறவர்கள் இந்தப் பக்கத்து ஊர்களில் 'அரசு கள்ளர் பள்ளி' என்ற போர்டைப் பார்த்திருப்பார்கள். வெளியூர்க்காரர்களுக்கு அது விநோதமாக இருக்கும். அரசுப் பள்ளியின் பெயரில் ஏன் ஒரு சமூகத்தின் பெயர்? உள்ளூர்ப் பிள்ளைகளிலேயே பலருக்கு அதற்குப் பதில் தெரியாது.

பதில் சுமார் நூறு வருடங்களுக்கு முன்னால் இருக்கிறது. பிரிட்டிஷ் அரசு ஒரு சமூகத்தையே 'பிறவிக் குற்றவாளிகள்' என்று பட்டியல் போட்டு, ஆண்களின் கைரேகையைப் பதிவு செய்து, ராத்திரியில் வீட்டில் படுக்கக்கூட விடாமல் வைத்திருந்தது. அந்த அடக்குமுறையோடு கூடவே வந்த 'சீரமைப்பு' திட்டத்தின் மிச்சம்தான் இந்தப் பள்ளிகள்.

இந்தக் கதையின் வேர்களைத் தேடிப் பத்து வருடம் செலவழித்து, ஆயிரம் பக்கத்துக்கு மேல் எழுதியவர் ஒருவர் இருக்கிறார். எழுதிய காலத்தில் அவர் பேராசிரியரும் இல்லை, பத்திரிகை ஆசிரியரும் இல்லை. ஓர் அரசியல் கட்சியின் முழுநேர ஊழியர். கொடி கட்டுவது, கூட்டம் போடுவது, மனு எழுதுவது, மறியலுக்கு ஆள் திரட்டுவது எல்லாம் முழுநேர ஊழியரின் அன்றாட வேலை. அந்த வேலைக்கு நடுவில்தான் அந்த நாவல் எழுதப்பட்டது.

நாவல் 'காவல் கோட்டம்'. எழுதியவர் சு.வெங்கடேசன். வாசகர்களுக்கு சு.வெ.; மதுரைக்காரர்களுக்கு 2019 முதல் எம்.பி.

எழுத்து, அரசியல் இரண்டும் ஒரே ஆளின் நேரத்தைக் கேட்கிற வேலைகள். ஒன்று இன்னொன்றைத் தின்றுவிடாதா? சு.வெ.யின் வாழ்க்கையைப் பார்த்தால் அதற்கு ஒரு பதில் கிடைக்கிறது. அது அவ்வளவு சுலபமான பதிலாகவும் இல்லை.

மில் தொழிலாளர் குடியிருப்பில் இருந்து...

திருப்பரங்குன்றத்தை ஒட்டி இருக்கிறது ஹார்விபட்டி. பெயரிலேயே கதை இருக்கிறது. மதுரையில் பஞ்சாலை நடத்திய ஹார்வி நிறுவனத்தின் தொழிலாளர்களுக்காக உருவான குடியிருப்பு அது. ஷிப்டு, சங்கம், போனஸ், வேலைநிறுத்தம் என்ற வார்த்தைகள் வீட்டுப் பேச்சிலேயே புழங்கும் ஊர்.

1970-ல் பிறந்த சு.வெ. அங்கே வளர்ந்தவர். பசுமலையில் உள்ள மன்னர் திருமலை நாயக்கர் கல்லூரியில் வணிகவியல் படித்தார். முதல் கவிதைத் தொகுப்பான 'ஓட்டையில்லாத புல்லாங்குழல்' 1989-ல் வந்தபோது அவருக்கு வயது 19. அடுத்த பத்து வருடத்தில் மேலும் சில கவிதைத் தொகுப்புகள் வந்தன. அதே வருடங்களில்தான் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியிலும் அவர் வேர் பிடித்தார்.

மதுரையில் இந்த இரண்டும் சேர்ந்து நடப்பது புதிதும் இல்லை. அதற்கு ஒரு அமைப்பே இருந்தது.

எமர்ஜென்சிக்கு நடுவில் பிறந்த சங்கம்

1975 ஜூன் 25-ம் தேதி நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், ஜூலை மாதம் மதுரையில் எழுத்தாளர்கள் சிலர் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதுதான் தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கம். பிற்பாடு 'கலைஞர்கள்' என்ற சொல்லும் சேர்ந்து 'தமுஎகச' ஆனது. அதற்கு முன்பே, 1970-ல், மதுரையில் இருந்து 'செம்மலர்' இலக்கிய மாத இதழ் வரத் தொடங்கியிருந்தது.

இந்தச் சங்கத்தில் எழுதியவர்களின் பின்னணியைப் பாருங்கள்.

மேலாண்மை பொன்னுச்சாமி அஞ்சாம் வகுப்பு வரை படித்தவர். விருதுநகர் மாவட்டம் மேலாண்மறைநாட்டில் கடை வைத்திருந்தவர். கரிசல் காட்டு விவசாயிகளைப் பற்றி எழுதி, 2007-ல் 'மின்சாரப் பூ' தொகுப்புக்கு சாகித்ய அகாடமி விருது வாங்கினார்.

டி.செல்வராஜ் திண்டுக்கல்லில் வக்கீல். தோல் பதனிடும் தொழிலாளர்களின் வாழ்க்கையை எழுதிய 'தோல்' நாவலுக்கு 2012-ல் அதே விருது கிடைத்தது.

ச.தமிழ்ச்செல்வன் தபால் துறையில் வேலை பார்த்தவர். அறிவொளி இயக்கத்தில் ஊர் ஊராகப் போய், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையில் இறங்கினார். அவருடைய 'வெயிலோடு போய்' சிறுகதைதான் 2008-ல் 'பூ' படமானது.

இவர்கள் யாருக்கும் எழுத்து முழுநேர வேலையாக இருந்ததில்லை. வயிற்றுக்கு ஒரு வேலை, ஊருக்கு ஒரு வேலை, மிச்ச நேரத்தில் எழுத்து. தெருவில் மேடை போட்டு விடிய விடிய நடக்கும் 'கலை இரவு' இந்தச் சங்கத்தின் அடையாளம். பறையாட்டம், நாடகம், பாட்டு, பேச்சு என்று ராத்திரி முழுக்கப் போகும். நாவல் படிக்காதவர்களும் எழுத்தாளரின் பேச்சைக் கேட்பது அந்த மேடைக்கு முன்னால்தான். சு.வெ. இந்தச் சங்கத்துக்குள் வளர்ந்து, அதன் மாநிலப் பொறுப்புகளுக்கு வந்தவர்.

மாரட் வீதிக்குப் பின்னால் இருக்கும் கோட்டை

'காவல் கோட்டம்' 2008-ல் தமிழினி வெளியீடாக வந்தது. 1310-ல் தொடங்கி 1910 வரை, 600 வருட மதுரை அதில் இருக்கிறது. மாலிக் கபூர் படையெடுப்பு, விஜயநகரத்துப் படை வருகை, நாயக்கர் ஆட்சி, 72 பாளையங்கள், ராணி மங்கம்மாள், கம்பெனி ஆட்சி, தாது வருஷப் பஞ்சம், பென்னி குயிக் கட்டிய பெரியாறு அணை என்று நீள்கிறது.

ராஜாக்கள் இதில் உண்டு. ஆனால் கதையின் மையம் தாதனூர் என்ற களவும் காவலும் தெரிந்த ஒரு கிராமம்.

இன்றைக்கு மதுரையில் நடக்கிறவர்கள் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி, வெளி வீதி என்ற பெயர்களைத் தினமும் சொல்கிறார்கள். 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டையை இடிக்க உத்தரவு போட்டார். அந்த வேலையை மேற்பார்வை பார்த்தவர்கள் மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும். அகழியை மூடி, மதிலை இடித்த இடத்தில்தான் வெளி வீதிகள் வந்தன. விளக்குத்தூணும் அந்தக் கலெக்டரின் நினைவாக நட்டதுதான். பஸ் பிடிக்க ஓடும் தெருவுக்கு அடியில் ஒரு கோட்டை புதைந்திருப்பதை நாவல் எழுப்பிக் காட்டுகிறது. கோட்டையைக் காத்த தெய்வங்கள் மதிலை விட்டு இறங்கிப் போகும் பகுதியை வாசகர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி ரசிக்கிறார்கள்.

கோட்டை போன பிறகு காவல் முறையும் போனது. முன்பு ஊர்க்காவல் பார்ப்பவருக்கு ஊர்க்காரர்கள் தானியமாகக் கூலி கொடுப்பார்கள். திருட்டு நடந்தால் பொருளை மீட்டுத் தருவது காவல்காரரின் பொறுப்பு. முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். காணாமல் போன மாட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் 'துப்புக்கூலி' என்று ஒரு தொகை உண்டு. ஆங்கிலேயர்களின் போலீஸ் வந்ததும் இவையெல்லாம் குற்றமாகிவிட்டன. நேற்று வரை காவல்காரர், இன்று முதல் குற்றவாளி.

இந்த நாவலுக்கு 2011-ம் வருட சாகித்ய அகாடமி விருது அறிவிக்கப்பட்டது. முதல் நாவலிலேயே விருது. அப்போது அவருக்கு 41 வயது. நாவலின் ஒரு பகுதியை வைத்து வசந்தபாலன் இயக்கிய 'அரவான்' 2012-ல் திரைக்கு வந்தது.

உசிலம்பட்டி மண்ணில் நாவலின் அடுத்த அத்தியாயம்

நாவல் 1910-ல் நின்றுவிடுகிறது. உசிலம்பட்டிக்காரர்களின் ஞாபகம் அதற்கு அப்புறம்தான் வலிக்கத் தொடங்குகிறது.

வட இந்தியாவில் 1871-லேயே வந்துவிட்ட குற்றப் பழங்குடிகள் சட்டம், 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1914-ல் மதுரைக்குப் பக்கத்தில் கீழக்குயில்குடியில் தொடங்கி, ஒவ்வோர் ஊராகப் பிரமலைக் கள்ளர்கள் மீது பாய்ந்தது. ஊர் வழக்கில் அதற்கு 'ரேகைச் சட்டம்' என்று பெயர். பதிவு செய்யப்பட்ட ஆண்கள் ராத்திரியில் போலீஸ் சொல்லும் இடத்தில்தான் தங்க வேண்டும். வெளியூர் போக 'ராத்திரிச் சீட்டு' வாங்க வேண்டும். கல்யாணம், சாவு, திருவிழா எதுவானாலும் சீட்டு இல்லாமல் போனால் குற்றம்.

யோசித்துப் பாருங்கள். நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஆனால் இந்த ஊரில், இந்த வீட்டில் பிறந்ததாலேயே உங்கள் விரலில் மை தடவுகிறார்கள்.

1920 ஏப்ரல் 3. உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் உள்ள பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மறுத்து மக்கள் திரண்டார்கள். போலீஸ் சுட்டது. 16 பேர் செத்துப்போனார்கள். அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். அவர்களுக்கு அங்கே நினைவுத்தூண் இருக்கிறது; ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 3-ல் அஞ்சலி நடக்கிறது.

அந்த மக்களுக்காக வாதாடியவர்களில் முக்கியமானவர் ஜார்ஜ் ஜோசப். கேரளத்தில் பிறந்து மதுரையில் வாழ்ந்த பாரிஸ்டர். மக்கள் அவருக்கு வைத்த பெயர் 'ரோசாப்பூ துரை'. இந்தப் பக்கம் யாருக்காவது ரோசாப்பூ என்று பேர் இருந்தால், அது இந்த வக்கீலின் மேல் வைத்த பாசம். முத்துராமலிங்கத் தேவரும் கம்யூனிஸ்ட் தலைவர்களும் இந்தச் சட்டத்தை எதிர்த்துப் போராடினார்கள். கடைசியில் 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் ரத்தானது.

இந்த வரலாறு அரசு ஆவணங்களில் 'குற்றவாளிகளைத் திருத்திய கதை'யாக இருக்கும். பிரெஞ்சு மானுடவியலாளர் லூயி துய்மோன் 1957-ல் பிரமலைக் கள்ளர்கள் பற்றி வெளியிட்ட புத்தகம் ஆய்வாளர்களின் அலமாரியில் இருக்கும். சாதாரண வாசகர் கையில் எடுத்துப் படிக்கும்படி, களவையும் காவலையும் அந்த மக்களின் பக்கம் நின்று சொன்ன பெரிய நாவலாக வந்தது 'காவல் கோட்டம்'. தாத்தாவின் விரலில் ஏன் மை பட்டது என்று கேட்கும் பேரனுக்கு, அதற்கு முந்தைய 600 வருடத்தையும் சேர்த்துக் கொடுக்க ஒரு புத்தகம் கிடைத்தது.

கஷ்டமான கேள்வி

ஒரு சமூகம் பட்ட அடியை எழுதுவது நல்ல விஷயம். அதே சமூகம் வேறொருவரை அடித்தால்?

இந்தக் கேள்வியும் உசிலம்பட்டிப் பக்கத்தில்தான் எழுந்தது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய மூன்று ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996-ல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்க சாதியினர் அதை ஏற்கவில்லை. ஒன்று, யாரும் வேட்புமனு போட முடியாது. அல்லது, ஜெயித்தவர் உடனே ராஜினாமா செய்துவிடுவார். பத்து வருடம் இப்படியே போனது. 2006 அக்டோபரில்தான் அங்கே முறையாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அப்போது மதுரை கலெக்டர் த.உதயச்சந்திரன். 2021 அக்டோபர் 2-ல் முதல்வர் மு.க.ஸ்டாலின் கிராம சபைக் கூட்டத்துக்குப் பாப்பாபட்டிக்கு வந்ததற்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது.

எழுமலைக்குப் பக்கத்தில் உத்தப்புரம் இன்னொரு கதை. அங்கே மோதிய சமூகங்கள் வேறு. தலித் மக்கள் குடியிருப்பைப் பிரித்து 1989-ல் எழுப்பிய சுவரின் ஒரு பகுதி 2008 மே 6-ம் தேதி அரசால் இடிக்கப்பட்டது. அதற்கான போராட்டத்தை முன்னின்று நடத்தியவை மார்க்சிஸ்ட் கட்சியும் தீண்டாமை ஒழிப்பு முன்னணியும். அதே 2008-ல், அதே மதுரை மாவட்டத்தில், அந்தக் கட்சியின் முழுநேர ஊழியர் எழுதிய 'காவல் கோட்டம்' வெளியானது.

இதில்தான் எழுத்தாளரும் அரசியல்வாதியும் ஒரே ஆளாக இருப்பதன் சிக்கல் தெரியும். நாவல் ஒரு சமூகத்தின் வீரத்தையும் வலியையும் பேசுகிறது. அதைப் படிக்கிறவர் 'எங்க ஆளுங்க பெருமையைப் பார்' என்று மீசையை முறுக்கிக்கொள்ளலாம். சாதிப் பெருமைக்கு இந்த நாவல் உரம் போடுகிறதா என்ற விமர்சனம் எழாமல் இல்லை. நாவலின் வடிவத்தைக் கடுமையாகத் தாக்கி எழுதியவர்களும் உண்டு. தமிழின் முக்கியமான வரலாற்று நாவல் என்று கொண்டாடியவர்களும் உண்டு.

வெறும் நாவலாசிரியர் என்றால் 'கதையைக் கதையாகப் பாருங்கள்' என்று சொல்லி நகர்ந்துவிடலாம். களத்தில் நிற்கிறவருக்கு அந்த வசதி கிடையாது. ரேகைச் சட்டத்தில் பட்ட அவமானத்தைச் சொன்ன வாயால், ஊராட்சி நாற்காலி மறுக்கப்பட்டவரின் அவமானத்தையும் சொல்லியாக வேண்டும். பிறப்பை வைத்து ஒருவரைக் குற்றவாளி என்பதும், பிறப்பை வைத்து ஒருவரைத் தலைவராகக் கூடாது என்பதும் ஒரே தப்பின் இரண்டு பக்கங்கள். முதல் பக்கத்தைப் படித்துக் கலங்குகிற உசிலம்பட்டி வாசகர் இரண்டாம் பக்கத்தையும் புரட்ட வேண்டும். அந்த இடத்துக்கு அவரைக் கூட்டிவருவது நாவலால் மட்டும் முடிகிற காரியம் இல்லை. அதற்குக் கூட்டமும் பேச்சும் போராட்டமும் வேண்டியிருக்கிறது.

கிடா எங்கே?

எல்லாப் போராட்டத்துக்கும் ஆயிரம் பக்கம் தேவைப்படாது. சில சமயம் ஒரு சின்னப் புத்தகம் போதும்.

2003-ல் அன்றைய தமிழக அரசு, கோயில்களில் ஆடு, கோழி பலியிடத் தடை விதிக்கும் 1950-ம் வருடச் சட்டத்தைக் கண்டிப்பாக அமல்படுத்த உத்தரவிட்டது. மதுரை வட்டாரத்துக் கிராமங்களில் பெரிய குழப்பம். கருப்பசாமிக்கும் முனியாண்டிக்கும் கிடா வெட்டாமல் என்ன திருவிழா? நேர்த்திக்கடனை எப்படிக் கழிப்பது?

அந்தச் சமயத்தில் சு.வெ. எழுதியதுதான் 'கருப்பன் கேட்கிறான் கிடாய் எங்கே?'. கம்யூனிஸ்ட் ஒருவர் கருப்பசாமிக்காக எழுதுவதா என்று கேட்கத் தோன்றும். கடவுள் நம்பிக்கையை விட்டுவிட்டுப் பார்த்தால், அந்தத் தடை யாருடைய சாமியை, யாருடைய சாப்பாட்டை, யாருடைய வழக்கத்தைத் தொட்டது என்பதுதான் விஷயம். எளிய மக்களின் வழிபாட்டை 'நாகரிகம் இல்லாதது' என்று ஒதுக்குவதும் அரசியல்தான். எதிர்ப்பு வலுத்து, 2004-ல் அந்தச் சட்டமே திரும்பப் பெறப்பட்டது.

'காவல் கோட்டம்' எழுதிக்கொண்டிருந்த அதே வருடங்களில் வந்தது இந்தச் சிறு புத்தகம். நாவலுக்காகத் தேடிய நாட்டார் தெய்வங்களின் கதைகள் பிரசுரத்துக்கு உதவியிருக்கும். ஊர்களில் கேட்ட கோபம் நாவலுக்கு உதவியிருக்கும். இரண்டுக்கும் ஒரே கிணற்றில்தான் தண்ணீர்.

பாரியும் கீழடியும்

ஸ்மார்ட்போனில் படிக்கும் இளைய வாசகர்கள் பலருக்கு சு.வெ. அறிமுகமானது 'வீரயுக நாயகன் வேள்பாரி' மூலம்தான். 2016-ல் ஆனந்த விகடனில் தொடங்கி, 111 வாரம் வந்த தொடர். ஓவியம் மணியம் செல்வன். முல்லைக்குத் தேர் கொடுத்தவர் என்று பள்ளிக்கூடப் பாடத்தில் ஒரே வரியில் முடிந்துபோகும் பாரி, அதில் ஒரு மலையையும் காட்டையும் காக்கிற தலைவனாக வருகிறான். மூன்று பேரரசுகள் சேர்ந்து ஒரு சின்ன மலைநாட்டை முற்றுகையிடுகின்றன. வாரம் முழுக்கக் காத்திருந்து படித்தவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைக்குப் பாரி என்று பேர் வைக்க ஆசைப்பட்டவர்களும் இருப்பார்கள்.

பேரரசுக்கும் இயற்கையோடு வாழும் சிறு சமூகத்துக்கும் நடக்கும் சண்டை என்பது, இன்றைக்கு மலையை வெட்டுவது, ஆற்றில் மணல் அள்ளுவது பற்றி நடக்கும் சண்டைகளில் இருந்து ரொம்ப தூரத்தில் இல்லை.

வேள்பாரி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் வைகைக் கரையில் இன்னொரு கதை தோண்டப்பட்டுக்கொண்டிருந்தது. கீழடியில் 2015-ல் மத்தியத் தொல்லியல் துறையின் அகழாய்வு தொடங்கியது. தலைமை தாங்கியவர் அமர்நாத் ராமகிருஷ்ணா. சங்க காலத்தில் இங்கே நகர நாகரிகம் இருந்ததற்கான தடயங்கள் வெளிவந்தன. 2017-ல் அமர்நாத் அசாமுக்கு மாற்றப்பட்டது பெரிய சர்ச்சையானது.

கீழடி என்றால் என்ன என்று பொதுமக்களுக்குத் தெரியாத காலத்திலேயே 'வைகை நதி நாகரிகம்' என்று பத்திரிகையில் எழுதி, அதை வீட்டுப் பேச்சாக்கியவர்களில் சு.வெ. முக்கியமானவர். எழுதியதோடு நிற்கவில்லை, மேடைகளில் பேசினார், ஆய்வு தொடர வேண்டும் என்ற இயக்கத்தில் நின்றார். வழக்குகளும் வந்தன. 2018-ல் தமிழகத் தொல்லியல் துறை ஆய்வைக் கையில் எடுத்தது. 2019-ல் வெளியான அறிக்கை கீழடியின் காலத்தைக் கி.மு. 6-ம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோனது. 2023 மார்ச்சில் அங்கே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இதில் பலருடைய உழைப்பு இருக்கிறது: தொல்லியலாளர்கள், வக்கீல்கள், நிலம் கொடுத்த விவசாயிகள். பானை ஓட்டைப் பற்றிப் பொதுமக்களைப் பேசவைத்ததில் எழுத்தாளரின் பங்கும் உண்டு.

டெல்லிக்குப் போன பேனா

2006-ல் திருப்பரங்குன்றம் சட்டமன்றத் தொகுதியில் நின்று தோற்றவர் சு.வெ. 2019-ல் மதுரை நாடாளுமன்றத் தொகுதியில் சுமார் 1.39 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். 2024-ல் வித்தியாசம் 2 லட்சத்தைத் தாண்டியது. இதில் ஒரு வேடிக்கை: உசிலம்பட்டி மதுரை நாடாளுமன்றத் தொகுதியில் வராது; அது தேனித் தொகுதியில் இருக்கிறது. அந்த மண்ணோடு அவருக்கு உள்ள உறவு வாக்கால் வந்தது இல்லை, எழுத்தால் வந்தது.

எம்.பி. ஆன பிறகு அவர் அதிகம் எழுதுவது கடிதங்கள்: அமைச்சர்களுக்கு, ரயில்வேக்கு, வங்கிகளுக்கு, தேர்வு நடத்தும் வாரியங்களுக்கு. அவற்றில் ஒன்று நாடு முழுக்கப் பேசப்பட்டது.

2020 அக்டோபரில், மத்திய ரிசர்வ் போலீஸ் படைத் தேர்வுக்குத் தமிழகத்திலும் புதுச்சேரியிலும் ஒரு மையம்கூட இல்லை என்று சுட்டிக்காட்டி, மையம் அமைக்கக் கேட்டு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார். மத்திய உள்துறை இணை அமைச்சரிடம் இருந்து பதில் வந்தது, இந்தியில். அவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். 2021 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது: ஆங்கிலத்தில் அனுப்பிய கடிதத்துக்கு மத்திய அரசு ஆங்கிலத்திலேயே பதில் தர வேண்டும், 1963-ம் வருட ஆட்சிமொழிச் சட்டம் அதைத்தான் சொல்கிறது.

சாதாரண ஆளுக்கு இதில் என்ன? நாளைக்கு நீங்கள் ஒரு மத்திய அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் மனுப் போட்டு, பதில் புரியாத மொழியில் வந்தால், காட்டுவதற்கு ஒரு தீர்ப்பு இருக்கிறது. வார்த்தையோடு வாழ்கிற ஒருவருக்கு ஒரு கடிதம் எந்த மொழியில் வருகிறது என்பது சின்ன விஷயமாகத் தெரிந்திருக்காது.

எதை இழக்கிறார்கள்?

இனி முதலில் கேட்ட கேள்விக்கு வரலாம். ஒன்று இன்னொன்றைத் தின்றுவிடாதா?

தின்னும். அதில் சந்தேகம் இல்லை. ஒரு நாவலுக்குப் பத்து வருடம் ஆனதற்குக் காரணம் ஆய்வு மட்டும் என்று சொல்ல முடியாது. பகல் முழுக்கக் கட்சி வேலை பார்க்கிறவருக்கு எழுத ராத்திரிதான் மிச்சம். எம்.பி. அலுவலகத்துக்கு மனுவோடு வருகிறவர்களிடம் 'இன்றைக்கு ஒரு அத்தியாயம் முடிக்கணும், நாளைக்கு வாங்க' என்று சொல்ல முடியாது. வாசகர்களுக்கு இன்னும் இரண்டு நாவல் கிடைத்திருக்கலாம் என்று ஆதங்கப்படுவதில் நியாயம் இருக்கிறது.

இன்னோர் இழப்பும் உண்டு. கட்சிக்காரர் எழுதினால், எதிர்க் கட்சிக்காரர் புத்தகத்தைத் திறக்கும் முன்பே முடிவு பண்ணிவிடுவார். சொந்தக் கட்சிக்காரர் திறக்காமலேயே பாராட்டிவிடுவார். இரண்டும் எழுத்துக்கு நல்லது இல்லை. கட்சிக்கு ஒரு நிலைப்பாடு இருக்கும். கதாபாத்திரத்துக்கு அது தெரியாது. கதாபாத்திரத்தின் வாயில் கட்சி பேசிவிட்டால் அந்த இடத்தில் நாவல் செத்துப்போகும்.

கிடைப்பது என்ன? யாரைப் பற்றி எழுதுவது என்ற கேள்விக்குப் பதில். மேலாண்மை பொன்னுச்சாமிக்குக் கரிசல் விவசாயி, டி.செல்வராஜுக்குத் தோல் தொழிலாளி, சு.வெ.க்கு ரேகை பதிந்த சமூகத்தின் முன்னோர்கள். இவர்களை அறையில் உட்கார்ந்து கற்பனை செய்ய முடியாது. அவர்களுடைய பிரச்சினைக்காக அவர்களுடைய திண்ணையில் உட்காருகிறவருக்குத்தான் துப்புக்கூலி, ராத்திரிச் சீட்டு மாதிரியான வார்த்தைகள் காதில் விழும்.

எழுத ஆசைப்படுகிற, ஊர்ப் பிரச்சினையிலும் ஆர்வம் இருக்கிற இளைஞர்கள் உசிலம்பட்டியிலும் இருக்கிறார்கள். 'ஒன்றை விட்டால்தான் இன்னொன்று' என்று அவர்களிடம் சொல்கிறவர்கள் நிறையப் பேர். விட வேண்டியதில்லை. மெதுவாக நடக்கும், அவ்வளவுதான். தொடங்குவதற்குப் பெரிய ஏற்பாடும் வேண்டாம். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், ரேகைச் சட்டத்தைப் பற்றி அவங்க அப்பா, தாத்தா என்ன சொன்னாங்க என்று கேளுங்கள். அப்படியே பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் அந்தப் பத்து வருடம் எப்படி இருந்தது என்று, நாற்காலி மறுக்கப்பட்டவர்களின் தெருவுக்கும் போய்க் கேளுங்கள். இரண்டையும் போனிலாவது ரெக்கார்டு செய்து வையுங்கள்.

முதலாவதை மட்டும் கேட்டால் பெருமை மட்டும் கிடைக்கும். இரண்டையும் கேட்டால் எழுதுவதற்கு ஒரு கதையும், செய்வதற்கு ஒரு வேலையும் கிடைக்கும்.